எதிர்ப்பும் வாக்கியமும்

1

எதிர்க்கட்சிக்காரர்களுக்குத் தைரியம் போதாது என்பது நம் வட்டத்தில் அடிக்கடி கேட்கிற புகார். கவிதை வாசிப்பு முடிந்து டீக்கடை வாசலில் நிற்கும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். ஆளுகிறவன் இவ்வளவு செய்கிறான், எதிரே உட்கார்ந்திருக்கிறவன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறானே என்பார். மற்றவர்கள் ஆமோதிப்பார்கள். நானும் ஆமோதித்திருக்கிறேன். புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தைரியமாகப் பேசுவது என்று எதைச் சொல்கிறோம் என்பதை நாம் ஒருநாளும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒரு கவிதையில் வேண்டாத அடைமொழி ஒன்றைக் கண்டுவிட்டால் மூன்று இதழ்களுக்குச் சண்டை போடுகிற நாம், அரசியல் பேச்சு என்று வந்ததும் சத்தத்தின் அளவை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைகிறோம், அல்லது ஏமாற்றமடைகிறோம்.

இதற்கு மேடைத் தமிழ் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. இரண்டு மூன்று தலைமுறைகளாக நமக்கு அரசியல் பேச்சு என்றாலே அடுக்குமொழிதான். அது தன் எதிராளியைப் பார்த்துப் பேசுவதுபோல் பாவனை செய்கிறது. உண்மையில் தன் பக்கத்து ஆட்களின் கைதட்டலைப் பார்த்துப் பேசுகிறது. கொள்ளை, சர்வாதிகாரம், அராஜகம், ஜனநாயகப் படுகொலை போன்ற வார்த்தைகள் அதில் வரிசையாக வந்து நிற்கும். இவற்றுக்கு ஆளுகிறவன் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவனும் இதே வார்த்தைகளைத் திருப்பி வீசினால் போதும், கணக்கு நேராகிவிடும். பதில் சொல்லக் கட்டாயப்படுத்தாத குற்றச்சாட்டு அதிகாரத்துக்குச் செலவில்லாதது. சொல்கிறவனுக்கும் செலவில்லாதது.

அப்படியானால் செலவுள்ள வாக்கியம் எது? பொய் என்று நிரூபிக்க இடம் கொடுக்கிற வாக்கியம். அதில் பெயர் இருக்கும், தேதி இருக்கும், தொகை இருக்கும். தவறாக இருந்தால் சொன்னவன் மாட்டிக்கொள்வான். சரியாக இருந்தால் எதிரே இருப்பவன் மாட்டிக்கொள்வான். இருவரில் ஒருவர் மாட்டியே ஆகவேண்டும் என்கிற நிலையைத்தான் நான் தைரியம் என்று சொல்வேன். இதை வைத்துச் சில பேச்சுகளைப் பார்க்கலாம்.

2

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு எட்மண்ட் பர்க் ஒரு பாடப்புத்தகப் பெயர். நீண்ட வாக்கியங்களின் ஆசாமி. அவர் 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் பார்லிமெண்டில் பேசிய பேச்சு நம்முடைய ஊரைப் பற்றியது. ஆற்காட்டு நவாபின் கடன்கள் என்பது விஷயம். பர்க்கின் கட்சி முந்தின வருஷத் தேர்தலில் தோற்று எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தது. இளைய பிட் பிரதம மந்திரி.

விஷயம் இதுதான். நவாப் முகமது அலி சென்னையிலிருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் தனிப்பட்ட முறையில் கடன் வாங்கிக்கொண்டே இருந்தார். கடன் கொடுத்தவர்கள் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள். இவர்களில் பேர்போனவர் பால் பென்ஃபீல்டு. சில நூறு பவுன் சம்பளக்காரர். 1776இல் தஞ்சாவூர் ராஜாவிடம் ராஜ்யம் திரும்பக் கொடுக்கப்பட்டபோது, இவர் தஞ்சாவூர்ச் சீமையின் மேல் ஏறத்தாழ 2,34,000 பவுன் பாத்தியதை கோரினார். நவாப் தமக்கு எழுதிக்கொடுத்ததாக அவர் காட்டியவற்றில் வயலில் நின்றுகொண்டிருந்த பயிரும் சேர்த்தி. அறுவடையாகாத நெல்லுக்கு ஒரு கம்பெனி குமாஸ்தா பத்திரம் வைத்திருந்தார் என்று பொருள். அதைத் தொடர்ந்த சச்சரவில் சென்னை கவர்னர் பிகட் தன் கவுன்சில் உறுப்பினர்களாலேயே கைது செய்யப்பட்டு, 1777இல் காவலிலேயே செத்துப்போனார்.

இந்தக் கடன்களில் எது நிஜம், எது பொய் என்று விசாரித்த பிறகே பணம் கொடுக்கவேண்டும் என்று கம்பெனி டைரக்டர்கள் உத்தரவு எழுதினார்கள். பிட் மந்திரிசபை அமைத்த கட்டுப்பாட்டு போர்டு அதை அடித்துவிட்டு, விசாரணை இல்லாமலே கர்நாடகத்து வருமானத்திலிருந்து கொடுத்துவிடச் சொன்னது. பர்க் எழுந்தது இதைக் கேட்கத்தான்.

இந்தப் பேச்சிலிருந்து தொகை நூல்களில் சேர்க்கப்படுவது ஹைதர் அலியின் படையெடுப்பு பற்றிய பகுதி. 1780இல் கர்நாடகச் சமவெளியில் தீயும் பஞ்சமும் இறங்கியதை பர்க் இடிமேகமாக விவரிக்கிறார். எங்கள் வகுப்பிலும் அதைத்தான் வாசித்தார்கள். உருவக அணிக்கு உதாரணமாகக் காட்டினார்கள். எனக்கு இப்போது அந்தப் பகுதி பேச்சின் பலவீனமான இடமாகத் தோன்றுகிறது. இடிமேகத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கேட்டு மந்திரிகளே ரசித்திருக்கலாம்.

பலமான இடங்கள் தொகைக்காரர்கள் விட்டுவிட்ட பக்கங்களில் இருக்கின்றன. 1767ஆம் வருஷத்துக் கடன், குதிரைப்படைக்கென்று வாங்கிய கடன், 1777இல் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட கடன் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் வட்டி எப்படி ஏறியது, வட்டி எப்படி அசலாயிற்று என்று பர்க் கணக்குப் பார்க்கிறார். ஒரு பாங்க் குமாஸ்தாவாக அந்தப் பக்கங்களை நான் மரியாதையுடன் படித்தேன். பிறகு ஏரிகளுக்கு வருகிறார். கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலும் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரம் ஏரிகளுக்குக் குறையாது என்கிறார். அவற்றைக் கட்டின அரசர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, அவற்றைச் செப்பனிட வேண்டிய பணம் எந்தக் கடன்காரர் பைக்குள் போகிறது என்று கேட்கிறார். இந்தியாவுக்கு வந்தே இராத ஒரு மனிதர் லண்டனில் நின்றுகொண்டு நம் ஏரிகளை எண்ணுகிறார். வர்ணனை இங்கே கணக்கின் கையாளாக இருக்கிறது. அதனால்தான் நிற்கிறது.

என்ன பலன்? உடனடியாக ஒன்றுமில்லை. பர்க் எழுந்தால் மெம்பர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். சாப்பாட்டு மணி என்றே அவருக்குப் பட்டப்பெயர். பிட் பக்கத்திலிருந்த கிரென்வில்லிடம், இதற்குப் பதில் சொல்ல வேண்டுமா என்று கேட்டதாகவும், அவசியமில்லை என்று இருவரும் முடிவு செய்ததாகவும் ஒரு கதை உண்டு. தீர்மானம் தோற்றது. பேச்சு அதே வருஷம் ஆவணங்களைப் பின்னிணைப்பாகக் கொண்டு அச்சாயிற்று. 1801இல் கர்நாடகம் கம்பெனி கைக்குப் போனபின், 1805இல் புதிதாகக் கிளம்பிய கடன் கோரிக்கைகளை விசாரிக்க ஓர் ஆணையம் அமைந்தது. கோடிக்கணக்கான பவுன்களுக்கு வந்த கோரிக்கைகளில் மிகச் சிறிய பங்கே நேர்மையானது என்று தேறியது. விசாரித்தால் என்ன ஆகும் என்று பர்க் கேட்டதற்கான பதில் இருபது வருஷம் கழித்துத்தான் வர ஆரம்பித்தது. அவர் இறந்து அப்போது எட்டு வருஷமாகியிருந்தது.

பர்க்கைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவருடைய நெருங்கிய கூட்டாளி வில்லியம் பர்க், தஞ்சாவூர் ராஜாவுக்கு லண்டனில் ஏஜெண்டாக இருந்தவர். ஆக, தஞ்சாவூருக்காகப் பேசிய குரலுக்குப் பின்னாலும் ஒரு சுயலாபம் நின்றது. ஆளுங்கட்சிக்கு இது தெரியும். தெரிந்தும் கணக்கைத் தப்பு என்று சொல்ல முடியவில்லை. எதிர்க்கட்சிக்காரனின் யோக்கியதை வேறு, வாக்கியத்தின் யோக்கியதை வேறு. முதலாவது சுத்தமாகும்வரை காத்திருந்தால் இரண்டாவது ஒருநாளும் பேசப்படாது.

3

அடுத்தது உயிர் கொடுத்த பேச்சு. இத்தாலி, 1924. ஏப்ரல் 6 அன்று தேர்தல். கால்பங்கு ஓட்டு வாங்கி முதலில் வருகிற பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் என்று முந்தின வருஷமே சட்டம் செய்யப்பட்டிருந்தது. முசோலினியின் பட்டியல் ஜெயித்தது. மே 30 அன்று சோஷலிஸ்ட் மெம்பர் ஜியாகோமோ மத்தியோத்தி எழுந்து, இந்தத் தேர்தல் செல்லாது என்றார்.

அவர் சொன்ன விதம்தான் கவனிக்க வேண்டியது. மத்தியோத்தி வக்கீல், வரவு செலவு விவகாரங்களில் நிபுணர். ஃபாசிஸ்ட் ஆட்சியின் முதல் வருஷத்தைப் பற்றி, எந்த ஊரில் யார் அடிக்கப்பட்டார் என்று வரிசைப்படுத்தி ஒரு புத்தகமே அதே வருஷம் கொண்டுவந்திருந்தார். சபையிலும் அதைத்தான் செய்தார். வேட்பாளர்கள் தங்கள் தொகுதிக்குள்ளேயே நடமாட முடியவில்லை என்றார். கூட்டங்கள் தடுக்கப்பட்டதைச் சொன்னார். கொல்லப்பட்ட வேட்பாளர் பிச்சினீனியைப் பெயரிட்டுச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிர்ப்புறத்திலிருந்து கூச்சல். கூச்சல் அடங்கினதும் விட்ட இடத்திலிருந்து அடுத்த விவரத்தைச் சொன்னார். உட்கார்ந்தபின், தனக்கு இரங்கல் உரை தயார் செய்துகொள்ளும்படி தோழர்களிடம் சொன்னதாகக் கூறுகிறார்கள். ஜூன் 10 அன்று டைபர் நதிக்கரைச் சாலையில் கடத்தப்பட்டார். ஆகஸ்ட் 16 அன்று ரோமுக்கு வெளியே பிணம் கிடைத்தது.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்த வீரக்கதை. நமக்கு முக்கியமானது அதற்கப்புறம் நடந்தது. ஜூன் கடைசியில் எதிர்க்கட்சி மெம்பர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். பழைய ரோமில் எளிய ஜனங்கள் நகரத்தை விட்டு அவென்டைன் குன்றுக்குப் போன சம்பவத்தின் பெயரை இதற்கு வைத்தார்கள். நாடு கொந்தளித்திருந்தது. முசோலினியே ஆடிப்போயிருந்த நேரம். எதிர்க்கட்சிகள் தர்மத்தின் பக்கம் நின்றன. ராஜா தலையிடுவார் என்று காத்திருந்தன. ராஜா தலையிடவில்லை. நவம்பரில் கம்யூனிஸ்டுகள் மட்டும் சபைக்குத் திரும்பினார்கள். 1925 ஜனவரி 3 அன்று முசோலினி சபைக்கு வந்து, நடந்த எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்று நெஞ்சைத் தட்டினார். குறுக்குக் கேள்வி கேட்டிருக்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் வெளியே இருந்தார்கள். 1926 நவம்பரில் அவர்களுடைய மெம்பர் பதவியும் பறிக்கப்பட்டது.

வெளிநடப்பு என்ற சொல் நமக்கு எவ்வளவு பழகினது என்பதை நினைத்துக்கொள்கிறேன். நம் சட்டசபைகளில் அது ஒரு சடங்கு. கோஷம், மையப்பகுதிக்கு ஓடுதல், வெளிநடப்பு, வாசலில் பேட்டி. மறுநாள் பத்திரிகையில் எதிர்க்கட்சி ஆவேசம் என்று போடுவார்கள். நாமும் பரவாயில்லை, தைரியம் வந்துவிட்டது என்போம். உள்ளே அந்த நேரத்தில் மசோதாக்கள் நிறைவேறிக்கொண்டிருக்கும். மத்தியோத்தி உள்ளே இருந்து விவரம் சொன்னார். அவருக்காக மற்றவர்கள் வெளியே போனார்கள். முதலாவது அதிகாரத்தை அச்சுறுத்தியது. இரண்டாவது அதற்கு மூச்சுவிட நேரம் கொடுத்தது. அவென்டைன்காரர்கள் கோழைகள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் பின்னால் சிறையிலும் நாடுகடந்தும் அவதிப்பட்டார்கள். தைரியம் இருந்தும் வாக்கியம் இல்லாமல் போகலாம் என்பதற்கு அவர்கள் சாட்சி.

4

மூன்றாவது, கேள்வி. தென்னாப்பிரிக்கப் பார்லிமெண்டில் 1961 முதல் 1974 வரை பதின்மூன்று வருஷம் ஹெலன் சுஸ்மன் தன் கட்சியின் ஒரே மெம்பர். நிறவெறிச் சட்டங்களை முழுக்க எதிர்த்த அவர் பெரும்பாலும் தனியாகத்தான் நின்றார். கறுப்பின மக்களுக்கு அந்தச் சபையில் இடமே இல்லை. சுஸ்மனிடம் பெரிய பேச்சுகளும் உண்டு. ஆனால் அவருடைய நிஜமான ஆயுதம் மந்திரிகளிடம் எழுத்தில் கேட்ட கேள்விகள். பாஸ் சட்டத்தில் எத்தனை பேர் கைது, விசாரணையின்றி எத்தனை பேர் காவல், எந்த ஊரிலிருந்து எத்தனை குடும்பம் அப்புறப்படுத்தல். கேட்டால் மந்திரி எண் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்ன எண் அவைக்குறிப்பில் ஏறிவிடும். வெளியே அச்சிட முடியாததைச் சபையில் சொல்லப்பட்டது என்று பத்திரிகைகள் அச்சிட்டன. உன் கேள்விகள் வெளிநாட்டில் நம் மானத்தை வாங்குகின்றன என்று ஒரு மந்திரி சொன்னதற்கு, மானத்தை வாங்குவது என் கேள்விகளா உங்கள் பதில்களா என்ற பொருளில் அவர் திருப்பிக் கேட்டது பிரசித்தம். கேள்விக்குறி போட்ட ஒரு வரி கொள்ளை, அராஜகம் எல்லாவற்றையும்விட அதிக தூரம் போயிருக்கிறது.

நமக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம். 10ஆம் தேதி காலை நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். நவம்பர் 24 அன்று ராஜ்யசபையில் மன்மோகன் சிங் பேசினார். எதிர்வரிசையில் இருந்தவர்களில் எல்லாரும் மௌனி என்று கேலி செய்த மனிதர். ஏழெட்டு நிமிஷம் பேசியிருப்பார். குரல் எழும்பவே இல்லை.

அந்தப் பேச்சைப் பற்றி எழுதியவர்கள் திட்டமிட்ட கொள்ளை, சட்டபூர்வமான சூறையாடல் என்று அவர் சொன்ன பகுதியைத்தான் தலைப்பாக்கினார்கள். ஹைதர் அலிப் பகுதியைப் போல இதுவும் தொகைக்காரர்களுக்கு ஏற்ற வரி. எனக்கு அதற்கு முன்னால் வந்த இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, நாட்டு உற்பத்தியின் வளர்ச்சி இதனால் சுமார் இரண்டு சதவீதப் புள்ளி குறையலாம், அதுவும் குறைத்துச் சொல்கிற மதிப்பீடு என்றார். பின்னால் வந்த கணக்குகள் அதை எவ்வளவு தூரம் மெய்ப்பித்தன என்று பொருளாதாரக்காரர்கள் இன்னும் வாதிக்கிறார்கள். வாதிக்க முடிகிறது என்பதே அந்த வாக்கியத்தின் யோக்கியதை. அவர் தன்னை மாட்டிவைத்துக்கொண்டு பேசினார். இன்னொன்று, ஜனங்கள் பாங்கில் தாங்களே போட்ட பணத்தை எடுக்க அனுமதிக்கப்படாத ஒரு தேசத்தின் பெயரைப் பிரதம மந்திரி சொல்லமுடியுமா என்று கேட்டார். ஒரு பெயர் கேட்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் அதே சபையில் பிரதமர் பேசியபோது, குளியலறையில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு குளிக்கிற கலை தெரிந்தவர் என்று மன்மோகன் சிங்கைச் சொன்னார். தேசத்தின் பெயர் வரவில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரின் பெரும்பகுதி கூச்சலிலேயே கரைந்துபோயிற்று. விவாதத்தின்போது பிரதமர் இருக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த ஏழெட்டு நிமிஷத்துக்குப் பக்கத்தில் அதைப்போல் இன்னும் பத்து மெம்பர்கள், ஆளுக்கொரு மாவட்டத்தின் கணக்கோடு எழுந்திருந்தால் என்ன என்று இன்றைக்கும் தோன்றுகிறது. 2018இல் ரிசர்வ் பாங்க் தன் ஆண்டறிக்கையில் செல்லாத நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பிவந்துவிட்டதாகச் சொன்னது. அப்போது சபையில் உரக்கப் பேசியவர்கள் இருந்தார்கள். யார் என்ன பேசினார்கள் என்று என்னால் ஒரு வரி நினைவுகூர முடியவில்லை. மன்மோகன் சிங் 2024 டிசம்பர் 26 அன்று இறந்தபோது, அந்தக் கேள்வி மட்டும் எனக்கு நினைவில் வந்தது.

5

இனி நம்மைப் பற்றி. எதிர்க்கட்சிக்காரன் தைரியமாகப் பேசவேண்டும் என்று நாம் ஆசைப்படுவதில், நமக்குப் பதிலாக அவன் பேசிவிட்டால் தேவலை என்கிற சௌகரியம் கலந்திருக்கிறது.

2016 நவம்பர் 18 முதல் மாற்றிக்கொள்ளும் தொகை 4,500இலிருந்து 2,000 ஆகக் குறைக்கப்பட்டது. அன்று என் கவுண்டருக்கு வந்த ஒரு கிழவி ஒன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். முந்தின நாள் முழுக்க வரிசையில் நின்றும் உள்ளே வர முடியாதவள். நேத்து வரைக்கும் இவ்வளவும் குடுத்தீங்களே தம்பி என்றாள். மேலிடத்து உத்தரவும்மா என்றேன். நான்கு நோட்டை மாற்றிக்கொடுத்து, அவள் வலதுகை விரலில் மை வைக்கச் சொன்னேன். மீதி ஐந்தைக் கணக்கில் போடுங்கள் என்றேன். அவளுக்குக் கணக்கு இல்லை.

அந்த வாரம் சாயங்காலங்களில் சங்கத்தின் வாயில் கூட்டம் நடந்தது. நான் முன்வரிசையில் நின்று கோஷம் போட்டேன். தொண்டை கட்டுகிறவரை போட்டேன். அடுத்த மாதம், நோட்டு மாற்றிய நாட்களில் கிளையில் ஏற்பட்ட சிரமங்கள் குறித்து ஒவ்வொரு கவுண்டர்காரரும் எழுத்தில் தரவேண்டும் என்று ஒரு தாள் வந்தது. யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்பதெல்லாம் இப்போது பொருட்டில்லை. தேதி, தொகை, ஆள் எண்ணிக்கை, நடந்த சம்பவம் என்று நான்கு கட்டங்கள் அதில் இருந்தன. ஏதாவது எழுதினால் மாற்றல் வரும் என்று யாரோ சொன்னார்கள். யாரும் என்னை மிரட்டவில்லை. நான் நான்காவது கட்டத்தில், வாடிக்கையாளர்கள் நன்கு ஒத்துழைத்தனர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாயிலில் நான் போட்ட கோஷத்தைக் காற்று கொண்டுபோயிற்று. அந்தத் தாள் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். நாளைக்கு எவனாவது ஒரு மெம்பர், அந்த மாவட்டத்தில் ஜனங்கள் பட்ட பாடு என்ன என்று சபையில் கேள்வி கேட்டால், அதிகாரிகள் அந்தக் கோப்பைத்தான் பிரிப்பார்கள். என் வாக்கியத்தை மந்திரி வாசிப்பார். கேட்டவன் உட்காரவேண்டியிருக்கும். அவனுக்குத் தைரியம் போதவில்லை என்று நான் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பர்க்குக்கு ஏரிக்கணக்கை யாரோ எழுதிக் கொடுத்தார்கள். மத்தியோத்திக்கு ஊர் ஊராக யாரோ விவரம் அனுப்பினார்கள். சுஸ்மனுக்குக் கேள்விகளுக்கான தகவல்கள் கடிதங்களில் வந்தன. எதிர்க்கட்சிக்காரனின் தைரியம் பாதி அவனுடையது. மீதிப் பாதி நான்காவது கட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது. வார்த்தைகளைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படுகிற நாம் கவிதைக்கு வெளியேயும் அந்த அக்கறையைக் கொண்டுபோகிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நான் கொண்டுபோகவில்லை.